நீரோரத்துக் கடலுணவகத்தில் முதன்முறை சாப்பிடச் செல்பவர்களுக்கு

கடற்கரையிலோ, கழிமுகத்திலோ, படகுத்துறையை ஒட்டியோ அமைந்திருக்கும் எளிய கடலுணவகங்களுக்கு முதன்முறை செல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு நம்பிக்கைகளோடு செல்கிறார்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பதால் மீன் அன்று பிடித்ததாகத்தான் இருக்கும் என்பது ஒன்று. காட்சி நன்றாகத் தெரியும் மேசை கிடைத்துவிட்டால் மற்றவை தாமாக அமைந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டையும் அப்படியே நம்பிவிட முடியாது. உணவகத்தின் முன்னால் படகுகள் கட்டப்பட்டிருக்கும்போதே, அதன் சமையலறைக்கு வேண்டிய மீன் வெகுதொலைவிலிருந்து உறைநிலையில் வந்து இறங்கியிருக்கலாம். மிக அழகான காட்சி தெரியும் மேசையே காற்றும் வெயிலும் தாக்கும் மேசையாகவும் இருக்கலாம். என்ன வந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஆர்டர் கொடுப்பது, உணவு வரும் நேரத்தையும் வெளிச்சம் மாறும் நேரத்தையும் பொருத்தித் திட்டமிடுவது ஆகிய இரண்டு பழக்கங்கள் இருந்தால், அனுபவமில்லாதவரும் இத்தகைய இடங்களில் நிறைவாகச் சாப்பிட்டுத் திரும்பலாம்.

எப்போது செல்வது

சூரியன் மறைவதைப் பார்ப்பதற்காகச் செல்வதானால், அந்த உணவகம் மேற்கு நோக்கி இருக்கிறதா என்பதை முதலில் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கு நோக்கிய கரையில் மாலைச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இறங்கும். ஆனால் அதுவும் குறையில்லை: அந்த நேரத்தில் சாய்ந்த வெளிச்சம் படகுகள்மீதும் நீர்மீதும் விழுவதால் கண் கூசாமல் பார்க்கலாம், பௌர்ணமி நாளாக இருந்தால், சூரியன் மறையும் வேளையிலேயே நிலவு எதிரே எழும்.

மறையும் நேரத்தைக் கைபேசியில் பார்த்து, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்ச் சேருவது நல்லது. மேசை பிடிக்கவும், மீனைப் பார்த்துக் கேட்டு முடிவுசெய்யவும், ஆர்டர் சமையலறைக்குப் போய் முதல் தட்டு வரவும் அவ்வளவு நேரம் பிடிக்கும். சூரியன் மறைந்தவுடன் எழுந்து புறப்படுபவர்கள் காட்சியின் சிறந்த பகுதியைத் தவறவிடுகிறார்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும் வரை வானில் போதிய வெளிச்சம் இருக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இந்த அந்தி வெளிச்சம் 20 நிமிடங்களுக்குச் சற்று மேல் நீடிக்கும், துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல இன்னும் நீளும். வானத்தின் ஆழ்ந்த நிறங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் தோன்றுகின்றன.

கடலோடு தொடர்புள்ள நீர்நிலையாக இருந்தால், கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகிறது. இந்த நேரங்கள் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏற்ற நேரத்தில் மேசைக்குக் கீழே அலை தளும்பும் அதே இடத்தில், வற்றத்தின்போது சேறும் பாறையும் மட்டுமே தெரியலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வேறுபாடு மிக அதிகம். வற்றத்தில் வெளிப்படும் சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்புவதால் அழுகிய முட்டை போன்ற நாற்றம் வீசக்கூடும். அதைச் சமையலறையின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காட்சியைவிடச் சாப்பாடு முக்கியம் என்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது வார நாளின் மதிய வேளை. மாலைக் கூட்டம் வருவதற்கு முன்பு மீனைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பும் அதிகம், கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லப் பணியாளர்களுக்கு நேரமும் உண்டு.

மேசையைத் தேர்ந்தெடுப்பது

இத்தகைய இடங்களில் பலவற்றில் முன்பதிவு கிடையாது. முன்பதிவு உள்ள இடங்களிலும் வெளிப்புற மேசைக்கு உறுதி தரமாட்டார்கள். தொலைபேசியில் கேட்கும்போதே, மழை வந்தால் உள்ளே இடம் மாற்றித் தருவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். நடக்கச் சிரமப்படுபவரோ சக்கர நாற்காலியில் வருபவரோ உடன் இருந்தால், சாய்தளம் உள்ளதா, பலகைத் தளத்தில் இடைவெளிகள் எவ்வளவு அகலம், கழிவறைக்குப் படி ஏற வேண்டுமா ஆகிய மூன்றையும் முன்கூட்டியே விசாரிப்பது அவசியம்.

மேசையைக் காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், காட்சியைப் பிறகு பாருங்கள் என்பதே என் கருத்து. பகலில் நிலம் நீரைவிட விரைவாகச் சூடேறுவதால் நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது. பிற்பகலில் வலுவாக வீசும் இது சூரியன் சாயும்போது படிப்படியாகத் தணியும். பிற்பகலில் கம்பித் தடுப்பை ஒட்டிய முதல் வரிசையில் அமர்ந்தால் பொரித்த உணவு சில நிமிடங்களில் ஆறிவிடும், காகிதக் கைக்குட்டைகள் பறக்கும், மணற்கரையாக இருந்தால் தட்டில் மணலும் சேரும். பக்கவாட்டில் கண்ணாடித் தடுப்போ சுவரோ உள்ள இரண்டாம் வரிசை மேசை பலமுறை இதைவிட வசதியானது. அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் நின்று பாருங்கள். நீர்ப்பரப்பில் பட்டு வரும் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், போலராய்டு வகைக் கறுப்புக் கண்ணாடி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். மேற்பரப்பின் பளபளப்பை அது குறைப்பதால் ஆழமில்லாத நீருக்குள் நீந்தும் மீன்கள்கூடத் தெரியும்.

சிறு குழந்தைகளைத் தடுப்புக் கம்பியிலிருந்து தள்ளி, பெரியவர்களுக்கு உட்புறமாக உட்கார வையுங்கள். கைபேசியையும் வண்டிச் சாவியையும் மேசை விளிம்பில் வைக்காதீர்கள். பலகை இடுக்கு வழியாக நீரில் விழுந்த பொருளை மீட்பது அநேகமாக நடக்காத காரியம்.

கேட்டுவிட்டு ஆர்டர் கொடுப்பது

மெனு அட்டையைத் திறப்பதற்கு முன், இன்று என்ன வந்திருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலான எளிய உணவகங்களில் அன்றைய வரத்து ஒரு பலகையில் எழுதப்பட்டிருக்கும், அல்லது ஐஸ் பரப்பிய பெட்டியில் காட்சிக்கு இருக்கும். அடுத்து, அது எங்கிருந்து வந்தது, உறைய வைக்கப்பட்டதா, ஐஸில் மட்டும் வைக்கப்பட்டதா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். மீனை மதிக்கும் உணவகம் இவற்றுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்லும், மழுப்பலான பதில் கிடைத்தால் அதுவே ஒரு தகவல். பெயரை மட்டும் நம்புவதில் உள்ள இடர் கற்பனையானதன்று: ஓசியானா என்ற கடற்பாதுகாப்பு அமைப்பு அமெரிக்காவில் 1,215 கடலுணவு மாதிரிகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி 2013இல் வெளியிட்ட அறிக்கையில், அவற்றில் 33 சதவீதம் வேறு பெயரில் விற்கப்பட்டவை என்று கண்டறிந்தது.

உறைய வைத்த மீன் என்றாலே தரம் குறைந்தது என்று ஒதுக்கிவிடக் கூடாது. பிடித்த சில மணி நேரத்திலேயே கப்பலில் உறைய வைக்கப்பட்ட மீன், பல நாட்கள் ஐஸில் கிடந்த மீனைவிட நல்ல நிலையில் இருக்கும். நீங்கள் அறிய வேண்டியது உண்மை நிலவரத்தைத்தான். அது தெரிந்தால் அதற்கேற்ற சமையல் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அன்று வந்த மீனை உப்பும் எண்ணெயும் மட்டும் தடவி நெருப்பில் சுட்டோ, ஆவியில் வேகவைத்தோ கேளுங்கள். உறைய வைத்ததைக் குழம்பாகவோ பொரித்தோ சாப்பிடுவது பொருத்தம்.

மீனைக் காட்டச் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு இருந்தால், கண் தெளிவாகவும் சற்று வெளியே புடைத்தும் இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மீண்டும் எழும்புகிறதா என்று கவனியுங்கள். முகர்ந்து பார்த்தால் கடல்நீரின் வாசனை வரலாம். கடுமையான கவிச்சு வாடை வரக் கூடாது. கடல் மீனின் சதையிலுள்ள ஒரு சேர்மத்தை நாளடைவில் பாக்டீரியாக்கள் சிதைத்து டிரைமெதிலமைனாக மாற்றுவதால்தான் அந்த வாடை உண்டாகிறது. எலுமிச்சையின் அமிலம் அதை ஆவியாகாத உப்பாக மாற்றி வாடையைக் குறைக்கும். கெட்டுப்போன மீனை அது நல்ல மீனாக்கிவிடாது. உயிருள்ள மட்டியும் சிப்பியும் வாய் மூடியிருக்க வேண்டும், அல்லது தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும். தட்டியும் மூடாதவை சமையலுக்கு உரியவை அல்ல.

எடையும் விலையும்

முழு மீன், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றுக்கு மெனுவில் விலை போடாமல் ‘சந்தை விலை’ என்றோ, நூறு கிராமுக்கு இவ்வளவு என்றோ குறிப்பிட்டிருப்பார்கள். புதியவர்கள் ஏமாற்றம் அடைவது பெரும்பாலும் இங்கேதான். நூறு கிராமின் விலையை முழு மீனின் விலையாக எண்ணி ஆர்டர் கொடுத்துவிட்டுப் பில் வரும்போது திகைக்க நேரும். எனவே உங்கள் கண்முன்னே எடை போடச் சொல்லுங்கள்; அந்த எடைக்கு மொத்தம் எவ்வளவு ஆகும், சமையல் கூலி அதில் அடங்குமா, தனியா என்று கேட்டு, தொகையைத் தெரிந்துகொண்ட பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

எடை என்பது சுத்தம் செய்வதற்கு முந்தைய எடை என்பதையும் நினைவில் வையுங்கள். தலை, முள், குடல், செதில் போக முழு மீனில் உண்ணக் கிடைப்பது ஏறக்குறைய பாதி, சில மீன்களில் அதற்கும் குறைவு. நண்டில் சதை பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆக, ஒரு கிலோ மீன் இரண்டு அல்லது மூன்று பேருக்குப் போதும். ஒரு கிலோ நண்டு அத்தனை பேருக்குப் போதாது.

ஒவ்வாமையும் பச்சையாக உண்பதும்

ஒவ்வாமை உள்ளவர்கள் அதை ஆர்டரின் முதல் வாக்கியமாகவே சொல்லிவிட வேண்டும். மீன் ஒன்று, இறால்-நண்டு வகை ஒன்று, சிப்பி-மட்டி-கணவாய் வகை ஒன்று என மூன்று தனிப் பிரிவுகள் இருப்பதால், எது ஒத்துக்கொள்ளாது என்பதைப் பெயர் சொல்லித் தெளிவாக்குங்கள். இறாலிலும் நண்டிலும் ஒவ்வாமையை உண்டாக்கும் முக்கியப் புரதமான டிரோபோமயோசின் வெப்பத்தால் அழிவதில்லை. ஆகவே நன்றாக வேகவைத்தாலும் பாதுகாப்பில்லை. இறால் பொரித்த அதே எண்ணெயில் உருளைக்கிழங்கு பொரிக்கப்படுகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பொதுவான எண்ணெய்ச் சட்டி, பொதுவான சுடுகம்பி, மீன் சாறு கலந்த சாஸ் ஆகியவைதான் கவனத்துக்குத் தப்பும் வழிகள். கடுமையான ஒவ்வாமை உள்ளவர் எபிநெஃப்ரின் ஊசியைக் காரில் விட்டுவராமல் கையோடு வைத்திருக்க வேண்டும். சைவ உணவு உண்பவர் உடன் வந்தாலும் இதே கேள்விகளே பொருந்தும்.

பச்சைச் சிப்பி பல இடங்களில் பெருமையோடு பரிமாறப்படுகிறது. வெதுவெதுப்பான நீரில் பெருகும் விப்ரியோ பாக்டீரியாவும் நோரோ வைரஸும் அதன் வழியாகப் பரவக்கூடும். எலுமிச்சையோ காரச் சாஸோ மதுவோ அவற்றைக் கொல்வதில்லை, முறையாக வேகவைப்பதே வழி. கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், முதியவர்கள் பச்சைச் சிப்பியை அறவே தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் பாதரசம் மிகுதியாகச் சேரும் சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களையும் தவிர்ப்பது நல்லது.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் குளிர்ச்சி தப்பிப்போனால் அவற்றில் ஒவ்வாமை போன்ற விளைவுகளைத் தரும் ஹிஸ்டமைன் என்ற வேதிப்பொருள் உருவாகும். சமைத்தாலும் அது போகாது. அத்தகைய மீன் வாயில் மிளகு கடித்ததுபோல் சுரீரென்று எரிவதுண்டு. அப்படி உணர்ந்தால் மேற்கொண்டு சாப்பிடாமல் நிறுத்திவிட்டுப் பணியாளரிடம் சொல்லுங்கள். முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

எதை முதலில், எதைப் பிறகு

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து, காற்றில் ஆறிப்போகும். பொரித்த கணவாயும் இறாலும் விரைவில் தயாராகும், சூட்டோடு உண்டால்தான் சுவை. அவை முதலில் வரட்டும். கணவாய் ஓரிரு நிமிடம் மட்டும் வெந்தால் மிருதுவாக இருக்கும், அதைத் தாண்டினால் ரப்பர்போல் இறுகும், மீண்டும் மிருதுவாக அரை மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டும். தட்டில் வந்த கணவாய் இழுபட்டால் காரணம் இதுதான். அடுத்து ஆவியில் வெந்த மட்டி. முழு மீன் சுடுவதற்கு அரை மணி நேரம் வரை பிடிக்கலாம் என்பதால், அதை முதலிலேயே சொல்லிவிட்டு, சூரியன் மறைந்த பிறகு கொண்டுவந்தால் போதும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் மாறும் பத்து நிமிடங்களில் நண்டு ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தால் காட்சியும் கிட்டாது, நண்டும் சரியாகச் சுவைக்காது. படம் எடுக்க விரும்புபவர்கள் உணவு வருவதற்கு முன்பே எடுத்து முடித்துவிடலாம்.

முழு மீனையும் நண்டையும் உண்ணும் முறை

முழு மீனைத் திருப்பிப் போட வேண்டிய தேவையே இல்லை. செவுளுக்குப் பின்னால் ஒரு வெட்டு, வாலுக்கு முன்னால் ஒரு வெட்டு, பிறகு பக்கவாட்டுக் கோட்டின் வழியாகத் தலையிலிருந்து வால்வரை ஒரு வெட்டு இடுங்கள். மேல்பக்கச் சதையை முதுகை நோக்கி ஒரு பாதியும் வயிற்றை நோக்கி ஒரு பாதியுமாகத் தள்ளி எடுத்தால் நடுமுள் முழுவதும் தெரியும். வாலைப் பிடித்து மெல்லத் தூக்கினால் நடுமுள் தலையோடு சேர்ந்து வந்துவிடும். கீழ்ப்பக்கச் சதை அப்படியே தட்டில் கிடக்கும். முள் எளிதாகப் பிரிந்து, சதை ஒளி ஊடுருவாமல் வெண்மையாக இதழ் இதழாக விலகினால் மீன் நன்றாக வெந்துள்ளது. முள்ளை ஒட்டிய பகுதி கண்ணாடிபோல் இருந்தால் திருப்பி அனுப்பி மீண்டும் வேகவைக்கச் சொல்வதில் தவறில்லை. கன்னத்துச் சதையை விட்டுவிடாதீர்கள், மீனில் மிக மென்மையான பகுதி அதுதான்.

தொண்டையில் முள் குத்தினால், பெரிய கவளமாக எதையாவது விழுங்கி அதை உள்ளே தள்ள முயலாதீர்கள்; முள் இன்னும் ஆழமாக இறங்கக்கூடும். இருமியும் வெளிவராமல் குத்தல் நீடித்தால் மருத்துவரிடம் செல்வதே சரி.

நண்டு வந்தால் முதலில் கால்களையும் கொடுக்குகளையும் திருகிக் கழற்றி ஒதுக்குங்கள். உடலைத் திருப்பி, அடிப்பக்கத்தில் மடிந்திருக்கும் மூடியை விரலால் நெம்பி எடுங்கள். அந்த இடைவெளியில் கட்டைவிரலை நுழைத்து மேலோட்டைப் பிரித்தெடுங்கள். இருபுறமும் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் வரிசையாக இருப்பவை செவுள்கள். அவற்றைப் பிய்த்து எறிந்துவிடுங்கள். பிறகு உடலை இரண்டாக ஒடித்தால் அறை அறையாகச் சதை தெரியும், மெல்லிய குச்சியால் அதைத் தள்ளி எடுக்கலாம். கொடுக்கை நொறுக்காமல், ஓட்டில் ஒரு விரிசல் விழும் அளவுக்கு மட்டும் தட்டினால் சதை உடையாமல் முழுதாக வரும், ஓட்டுத் துண்டுகளும் பல்லில் படாது. மேசையில் காகிதம் விரித்து, நண்டு உடைக்கும் இடுக்கியும் ஓடு போடக் கிண்ணமும் வைத்திருந்தால், கையால் சாப்பிடுவதை அந்த இடமே எதிர்பார்க்கிறது என்று பொருள். வெள்ளை உடை அன்று வேண்டாம். மட்டிகளில், வெந்த பிறகும் வாய் திறக்காதவற்றை வலிந்து திறக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

பறவைகள்

நீரோரத்தில் கடற்காகங்கள் தட்டிலிருந்தே உணவைப் பறித்துச் செல்வது வழக்கம். இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தபோது பறவைகள் உணவை நெருங்கச் சராசரியாக 21 வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டன. ஆகவே பறவையை நேராகப் பாருங்கள், மேசையைக் காலியாக விட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போகாதீர்கள். ஒரு துண்டுகூடப் பறவைக்கு எறிய வேண்டாம். அடுத்த மேசைக்காரர்களுக்கு அது தொல்லையாகும், மனிதரிடம் பறிக்கும் பழக்கமும் பறவைக்கு வலுப்படும்.

பில்லும் மீதமும்

பில் வந்ததும், எடை போட்டபோது சொன்ன தொகையோடு அது பொருந்துகிறதா என்றும், சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கவுன்டரில் பணம் கட்டி டோக்கன் வாங்கும் முறை உள்ள இடங்களில் தட்டுகளை நீங்களே எடுத்து வைக்க வேண்டியிருக்கலாம். ஓடுகளையும் முட்களையும் நீரில் எறியாமல் அதற்குரிய தொட்டியில் போடுங்கள்.

மீதமானதைக் கட்டித் தரச் சொல்லும்போது, அது மேசைக்கு வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று எண்ணிப் பாருங்கள். சமைத்த கடலுணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், அல்லது 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், எடுத்துச் செல்லக் கூடாது. வீட்டுக்கான பயண நேரமும் இந்தக் கணக்கில் அடங்கும். பயணம் நீண்டதாக இருந்தால் ஐஸ் வைத்த பெட்டியோடு செல்லுங்கள். இல்லையெனில், ஆர்டர் கொடுக்கும்போதே அளவைக் குறைத்துச் சொல்லி, போதவில்லையென்றால் மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.